நாலடிக் கல்

நாவல் எழுதுகிறவர்களுக்கு வீடு கட்டுவது மிகவும் சுலபம். ஒரு வரியில் மாளிகை எழும்பிவிடும். அத்தியாயம் முடிவதற்குள் அதை ஏலத்துக்கும் கொண்டுவந்துவிடலாம். மேஸ்திரி இல்லை, சிமெண்டு இல்லை, கடன் இல்லை. இருபது வருஷமாக நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். நான் கட்டிய வீடுகளில் கூடம் உண்டு, ஊஞ்சல் உண்டு, மாடிப்படி திரும்புகிற இடத்தில் கதாநாயகி நின்று கண்ணீர் விடுவதற்கென்றே ஒரு ஜன்னலும் உண்டு. சமையலறையும் உண்டுதான். அங்கே அவள் காபி கலப்பாள். டபராவை எதன் மேல் வைத்துக் கலந்தாள் என்று இதுவரை ஒரு வாசகர்கூடக் கடிதம் எழுதிக் கேட்டதில்லை.

கேட்கத் தகுந்த கேள்விதான் அது. இன்றைக்கு நம்மைப் போன்ற மத்தியதரக் குடும்பங்களில் கிடைப்பதற்கு மிகவும் அரிதான பொருள் எது என்றால், தங்கம் என்பீர்கள். சிலர் தண்ணீர் என்பீர்கள். சமையல் மேடையில் ஒரு சாண் காலி இடம் என்பது என் அபிப்பிராயம்.

வீடு பார்க்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கூடத்தில் நின்று கைகளை விரித்துப் பார்ப்பார்கள். சோபா இங்கே, டெலிவிஷன் அங்கே என்று அப்போதே இடம் ஒதுக்கிவிடுவார்கள். படுக்கையறையில் கட்டில் போக நடக்க இடம் இருக்கிறதா என்று காலடி வைத்து அளப்பார்கள். சமையலறை வாசலில் மட்டும் தலையை நீட்டி, "கிச்சனா? நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவார்கள். அந்த 'நல்லாத்தான் இருக்கு'க்குள் ஒருத்தி தன் ஆயுளில் முப்பது வருஷத்தை நின்றே கழிக்கப் போகிறாள் என்பது அந்த நிமிஷத்தில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் சிரத்தை ஏற்பட்டது ராஜபாளையத்தில், என் அக்காவின் வீட்டில். ராஜபாளையம் பஞ்சும் நூலுமாக வளர்ந்த ஊர். 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அங்கே நூற்பாலை தொடங்கினார். அதற்குப் பிறகு ஊரைச் சுற்றிலும் ஆலைகள் பெருகின. அத்தான் அப்படிப்பட்ட ஆலைகளில் ஒன்றில் நெடுநாளாக வேலை பார்க்கிறார். ஆலைக்கு மூன்று ஷிப்டு என்றால் வீட்டு அடுப்புக்கும் மூன்று ஷிப்டு என்று அர்த்தம். ஒரு வாரம் விடியற்காலையில் சோறு கட்ட வேண்டும். ஒரு வாரம் நள்ளிரவில் வருகிறவருக்குத் தோசை வார்க்க வேண்டும். ஒரு வாரம் இரவெல்லாம் விழித்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவருக்காக வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். இத்தனையும் நடப்பது 9 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள ஒரு கருங்கல் பலகையின் மேல்.

ஒன்பதடி என்றால் கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பாத்திரம் கழுவும் தொட்டி 2 அடி. கழுவிய பாத்திரங்களைக் கவிழ்க்கும் கூடை 1½ அடி. கிரைண்டர் 1¼ அடி. மூன்று பர்னர் அடுப்பு 2¼ அடி. மிக்ஸியும் அதன் மூன்று ஜாடிகளும் 1½ அடி. ஆக 8½ அடி போய்விட்டது. மிச்சம் அரை அடி. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. அடுப்புக்கு இந்தப் பக்கம் மூன்று அங்குலம், அந்தப் பக்கம் மூன்று அங்குலம். அந்த மூன்று அங்குலத்தில் வெங்காயத்தை வைக்கலாம், நறுக்க முடியாது.

அதனால் அக்கா காய் நறுக்குவது கூடத்தில். மாவு பிசைவது அடுப்படி வாசலில் தரையில். பிரிட்ஜ் சமையலறைக்கு உள்ளேயே, அடுப்பு முடிகிற மூலையில் நின்றது; அதன் தலைமேல், கிராமத்துக் கிழவி சுமக்கிற மூட்டையைப் போல, யாரோ பரிசளித்த மைக்ரோவேவ் அடுப்பு உட்கார்ந்திருந்தது. கொதிக்கிற பாத்திரத்தை இறக்கினால்? அதுவும் தரைக்குத்தான்.

ஒருநாள் ரசத்தை இறக்கித் தரையில் வைத்துவிட்டு அக்கா உப்பு எடுக்கத் திரும்பினாள். மூன்று வயதுப் பேரன் பந்தைத் துரத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தான். பந்து ரசப் பாத்திரத்தில் மோதி நின்றது. பையன் ஒரு சாண் தள்ளி நின்றான். அவ்வளவுதான் நடந்தது, யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் வரை அக்காவின் கை நடுக்கம் நிற்கவில்லை. சமையலறை விஷயம் வீட்டில் முதல் தடவையாகப் பேச்சுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

வந்தவுடன் மேஸ்திரியும் வந்தார். பின் தாழ்வாரத்துச் சுவரை இடித்து மேடையை இன்னும் ஆறடி நீட்டலாம் என்றார். அதற்கு அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் அத்தான் மௌனமாக எழுந்து போய்ப் பிராவிடண்ட் பண்டு புஸ்தகத்தை எடுத்து வந்து புரட்டினார். இன்னும் சில வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறவர். அந்தப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு வீட்டில் ஏற்கெனவே பத்துச் செலவுகள் காத்துக்கொண்டிருந்தன. அக்கா அவரிடமிருந்து அதை வாங்கி மூடினாள். "இருங்க. சுவரை இடிக்கிறதுக்கு முந்தி சாமானை நகர்த்திப் பார்ப்போம்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நானும் அக்காவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் எங்கள் சித்தியைப் பார்க்கப் போனோம். பஸ் ஏறினால் அரை மணி நேரத்து ஊர். சித்தி வீடு தேர் ஓடும் வீதிக்கு ஒரு சந்து தள்ளி இருக்கிறது. நீள வாக்கில் ரயில் பெட்டிபோல் கட்டிய பழைய வீடு. கொல்லையில் நின்றால் ஆண்டாள் கோயில் கோபுரத்தின் பதினோரு நிலைகளையும் எண்ணலாம். சித்தியின் அடுப்படி இன்னும் பழைய முறையில் பாதி இருக்கிறது. கொடியடுப்பு இருந்த இடத்தில் கறுப்பு மறையவில்லை. சுவரில் மாடக்குழிகள். மேலே பரண். மூலையில் அங்கணம். ஆட்டுரல் தரையோடு தரையாகப் பதித்தபடியே இருக்கிறது. அம்மி சுவரோரம். உறி தொங்கின கொக்கி உத்தரத்தில்.

அந்த அடுப்படியில் மேடை என்று ஒன்று கிடையாது. தரைதான் மேடை. அரிவாள்மணை போட்ட இடம் நறுக்குகிற இடம். முறத்தை வைத்த இடம் புடைக்கிற இடம். பிரிமணையை வைத்த இடம் இறக்குகிற இடம். வேலை முடிந்ததும் மணை சுவரோரம் சாயும், முறம் ஆணியில் ஏறும், தரை மறுபடியும் காலியாகிவிடும். நகராதவை இரண்டுதான், அம்மியும் ஆட்டுரலும். அவை எங்கே இருக்க வேண்டும் என்பதை வீடு கட்டும்போதே, தண்ணீர் ஓடுகிற வாட்டமும் வெளிச்சம் விழுகிற திசையும் பார்த்துத் தீர்மானித்துவிட்டார்கள்.

பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. அந்த அடுப்படி சித்தியிடம் வாங்கிய வாடகை கொஞ்சமல்ல. புகை அவள் கண்ணை வாங்கிக்கொண்டது. உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஆட்டுரல் முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து மாவாட்டிய பெண்ணிடம் போய்ப் பழைய காலத்தின் அழகைப் பற்றிப் பேசினால் அவள் குழவியாலேயே பதில் சொல்வாள்.

நம் சமையல், தரையிலிருந்து எழுந்து நின்ற கதை மிகச் சமீபத்தியது. 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டுரலை மின்சாரத்தால் சுற்றவைத்தார். 1963-ல் பம்பாயிலிருந்து சுமீத் மிக்ஸி வந்தது. 1965-ல் கல்கத்தாவில் இண்டேன் சிலிண்டர் முதல் வீட்டுக்குள் நுழைந்தது. காஸ் அடுப்புக்கு, சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. ஆகவே அடுப்பு மேடை ஏறியது. அடுப்போடு பெண்ணும் எழுந்து நின்றாள். 2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. விறகையும் அம்மியையும் விட்டு லட்சக்கணக்கான பெண்கள் எழுந்து நிற்க முடிந்தது. எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சித்தியின் முழங்காலைக் கேட்டால் தெரியும்.

ஆனால் இதில் ஒரு சிறிய சூட்சுமம் இருக்கிறது. வந்த ஒவ்வொரு சாமானும் ஒரு வேலையைக் குறைத்தது. ஒவ்வொன்றும் பதிலுக்கு ஓர் அடி கல்லைக் கேட்டது. அம்மி தரையில் கிடந்தது. மிக்ஸி மேடையில் ஏறியது. ஆட்டுரல் மூலையில் பதிந்திருந்தது. கிரைண்டர் மேடையில் ஏறியது. பானையும் குடமும் தரையில் இருந்தன. அவற்றின் பேரப்பிள்ளைகள் எல்லாம் மேடைக்கு வந்துவிட்டன. அரசாங்கம் சாமானைக் கொடுக்கலாம். வைக்கிற இடத்தைக் கொடுக்க முடியுமா?

அக்கா தன் கஷ்டத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "ஏன்டி, ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேரு அம்புட்டுப் பெரிசு, ஊரே சேர்ந்து இழுக்குது. ஓடி முடிஞ்சா அது எங்க போகுது?" என்றாள்.

"நிலைக்குப் போகும்" என்றாள் அக்கா.

"அம்புட்டுப் பெரிய தேருக்கே ஒரு நிலை இருக்கு. வருசத்துக்கு ஒரு நாளுதான் வீதி அதுக்கு. மத்த நாளெல்லாம் வீதி சனங்களுக்கு. உன் வீட்டுல ஒரு கிரைண்டரு வீதியிலேயே நிக்குதுன்னா நீ எப்படி நடப்ப?"

நான் எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். ஒரு சாமானுக்கு நிலை வேறு, வீதி வேறு என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

திரும்பும்போது பால்கோவா வாங்க நின்றோம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினால் பேரன் சும்மா விடமாட்டான். 2019-ல் இந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நாங்கள் நின்ற கடையில் பின்கட்டில் கிண்டுவது வாசலிலிருந்தே தெரிந்தது. அகலமான இரும்புச் சட்டி. நீளக் காம்புக் கரண்டி. அடுப்புக்கு முன்னால் ஒரே ஆள். பால் அவருக்கு இடது கைப் பக்கம். சர்க்கரை கை நீட்டினால் எட்டுகிற தூரம். வலது கைப் பக்கம் அகலமான ஒரு திண்டு, முழுக்கக் காலி. ஒரு டம்ளர்கூட அதன் மேல் இல்லை. இவ்வளவு நெருக்கடியான கடையில் இந்தத் திண்டை ஏன் சும்மா விட்டிருக்கிறார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே பதம் வந்துவிட்டது. அவர் துணியைப் பிடித்துச் சட்டியைத் தூக்கினார். ஓர் அடிகூட எடுத்து வைக்காமல், இடுப்பை மட்டும் திருப்பி, அந்தத் திண்டில் இறக்கினார். அக்கா என்னைப் பார்த்தாள். ரசப் பாத்திரம் அவள் கண்ணில் தெரிந்தது.

அடுப்புக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிற இடம் வீணாகக் கிடக்கிற இடம் அல்ல. அதற்கும் ஒரு வேலை உண்டு. சூடானதை வாங்கிக்கொள்வதுதான் அந்த வேலை. சொந்தமாகக் கடை வைத்துப் பிழைக்கிறவருக்கு இது தெரிந்திருக்கிறது. வீட்டிலே சமைக்கிறவளுக்கும் தெரியும். அவளைத்தான் யாரும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் உலகத்தில் சிலர் இருந்திருக்கிறார்கள். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மனியில் தொழிலாளிகளுக்கு ஆயிரக்கணக்கில் வீடு கட்ட வேண்டியிருந்தது. பிராங்க்பர்ட் நகரத்துக்காக 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரிய நாட்டுப் பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வகுத்தார். ஏறக்குறைய 6 அடி அகலம், 11 அடி நீளம், அவ்வளவுதான். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையல்கட்டைப் பார்த்து, அவ்வளவு சிறிய இடத்தில் அத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்று யோசித்து வகுத்தது. ஜன்னலுக்குக் கீழே வேலை செய்யும் பலகை, பக்கத்திலேயே குப்பை விழத் துவாரம், மாவுக்கும் அரிசிக்கும் பெயர் எழுதிய இழுப்பறைகள், சுவரோடு மடிகிற இஸ்திரிப் பலகை, எல்லாவற்றுக்கும் மேலாக உட்கார்ந்து வேலை செய்ய ஒரு சுழலும் முக்காலி. பத்தாயிரம் சமையலறைகள் இந்த அளவில் அமைந்தனவாம். உலகம் முழுவதும் இன்றைக்கு விலை கொடுத்து வாங்குகிற 'மாடுலர் கிச்சன்' எல்லாம் அதன் வாரிசுகள்தான்.

இதை நான் அக்காவிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுல ரெண்டாவது ஆளு எங்க நிக்கும்?" என்றாள். நியாயமான கேள்வி. பிராங்க்பர்ட் சமையலறையைப் பற்றிப் பிற்காலத்தில் எழுந்த குறையும் இதுதான். ஒருத்திக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. மகளோ மாமியாரோ புருஷனோ உள்ளே வந்து ஒரு கை கொடுக்க முடியாது. முக்காலியை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று அக்கா முடிவு செய்தாள். அது எதற்கு என்று அப்போது சொல்லவில்லை.

முதல் வேலையாக அக்கா சமையலறைக் கதவின் பின்புறத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தாள். பால்காரருக்குக் கணக்கு வைப்பார்களே, அதைப் போல. மிக்ஸியைத் தொட்டால் மிக்ஸி வரிசையில் ஒரு கோடு, கிரைண்டருக்கு ஒரு வரிசை, மைக்ரோவேவுக்கு ஒன்று. ஒரு வாரம் கழித்துப் பார்த்தோம். மிக்ஸிக்கு இருபது கோட்டுக்கு மேல். கிரைண்டருக்கு இரண்டே இரண்டு. மைக்ரோவேவுக்கும் இரண்டு, ஆனால் இரண்டு தடவையும் அதற்குள்ளிருந்து அப்பளக் கட்டை எடுப்பதற்காகத்தான் திறந்தது. மிக்ஸியிலும் பெரிய ஜாடி ஒரு தடவைதான் இறங்கியிருந்தது. ஆக, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வேலை செய்கிற கிரைண்டர் வாரம் முழுவதும் மேடையில் ராஜாவாக வீற்றிருந்தது. தினம் மூன்று வேளை வேலை செய்கிற கத்திக்கும் பலகைக்கும் உட்கார இடம் இல்லை. உலகத்து நியாயம் அடுப்படியிலும் அப்படியே.

கோடுகளைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு சாமானையும் நாலு கேள்வி கேட்டோம். நீ எத்தனை தடவை வேலைக்கு வருகிறாய்? உனக்கு என்ன வேண்டும், தண்ணீரா, நெருப்பா, மின்சாரமா? உன் கனம் என்ன? உன் சத்தம் யாரைத் தொந்தரவு செய்கிறது?

கிரைண்டர் நாலு கேள்வியிலும் தோற்றது. வேலை குறைவு, கனம் பத்துக் கிலோவுக்கு மேல், கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும், சத்தமோ படுக்கையறைச் சுவருக்கு நேர் எதிரில். இரவு ஷிப்டு முடிந்து வந்து அத்தான் தூங்குகிற சுவர் அது. பின் தாழ்வாரத்தில், கூரைக்கு அடியில், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சிறு திண்டு கட்டி அதில் இறக்கினோம். உயரம் குறைவாக வைத்தது காரணத்தோடுதான். மேடை மேல் இருந்தபோது உள்ளே கையை விட்டு மாவு வழிக்க அக்கா எக்கி நிற்க வேண்டும். இப்போது பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்துவிடலாம். ஈரம் புழங்குகிற இடம் என்பதால் பிளக்கைத் தண்ணீர் தெறிக்காத உயரத்தில், எர்த் கம்பியோடு வைக்கச் சொன்னோம். பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் கை உள்ளே போக வேண்டும் என்பது பேரன் முதல் எல்லாருக்கும் பாடம்.

பாத்திரக் கூடை அடுத்தது. ஈரப் பாத்திரம் சொட்ட வேண்டிய இடம் தொட்டிதானே? தொட்டிக்கு நேர் மேலே சுவரில் ஒரு கம்பித் தட்டு அடித்தோம். சொட்டுகிற நீர் தொட்டியிலேயே விழுகிறது. ஒன்றரை அடி மீண்டது. மிக்ஸிக்கு வேலை அதிகம்; ஆகவே அது மேடையை விட்டுப் போக வேண்டியதில்லை. சுவர் முடிகிற கோடியில், பிளக்குக்குக் கீழே அதன் நிலை. ஒரு ஜாடி மட்டும் கூட இருக்கலாம். மற்ற இரண்டும் தலைக்கு நேரான தட்டில். ஜாடி லேசானது, தூக்கி எடுக்கலாம். கனமான எதையும் தோளுக்கு மேலே வைப்பதில்லை என்று ஒரு சட்டம் செய்துகொண்டோம். மைக்ரோவேவ், அப்பளத்தோடு மகள் வீட்டுக்குப் போயிற்று.

பிரிட்ஜ் விஷயம்தான் கொஞ்சம் சிக்கலாக இருந்தது. அடுப்பின் சூட்டுக்குப் பக்கத்தில் நின்றால் அது குளிர்விக்க அதிக நேரம் ஓட வேண்டியிருக்கும். மின்சாரக் கட்டணமும் ஏறும். ஆகவே சமையலறை நிலைப்படிக்கு வெளியே, கூடத்துச் சுவரோரம், பின்பக்கம் காற்றுப் போக இடம் விட்டு நிறுத்தலாம் என்றோம். அத்தான் ஒப்பவில்லை. "கூடத்தில் பிரிட்ஜ் வைக்கிறது பழைய வழக்கம். நம்மகிட்டயும் பிரிட்ஜ் இருக்குன்னு காட்டுறதுக்கு வச்சது. இப்ப பார்த்தா யாராவது சிரிப்பாங்க" என்றார். "சிரிக்கிறவங்களுக்கு அதுலேருந்தே ஐஸ் வாட்டர் எடுத்துக் கொடுத்துருங்க" என்றாள் அக்கா. பிரிட்ஜ் நகர்ந்தது.

பக்கத்துத் தெருவில் வாஸ்து தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். சமையலறையில் ஏதோ நடக்கிறது என்று கேள்விப்பட்டு அவரும் வந்து சேர்ந்தார். அடுப்பு அக்கினி மூலையிலிருந்து பெயர்ந்துவிட்டதோ என்பது அவர் கவலை. அடுப்பு ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்று காட்டினோம். அவர் நாடாவால் அளந்து பார்த்து, திருப்தியோடும் கொஞ்சம் ஏமாற்றத்தோடும் காபி சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் காபியை அக்கா மேடை மேலேயே வைத்துக் கலந்தாள் என்பதை நான் கவனித்தேன்.

இப்போது கணக்கை மறுபடி போடுங்கள். தொட்டி 2, அடுப்பு 2¼, மிக்ஸி முக்கால். மொத்தம் ஐந்து அடி. மிச்சம் நாலு அடி. தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே 3 அடி, கழுவி, நறுக்கி, அடுப்பில் போடுவதற்கு. அடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் அடி, சூடானதை இறக்குவதற்கு. செலவு? ஒரு திண்டு, ஒரு பிளக் பாயிண்டு, ஒரு கம்பித் தட்டு. பிராவிடண்ட் பண்டு புஸ்தகம் பீரோவை விட்டு வெளியே வரவில்லை.

முக்காலியின் ரகசியம் அதற்குப் பிறகு வெளிப்பட்டது. அத்தானுடைய தாயார் எழுபத்தெட்டு வயதானவர். அறுபது வருஷம் அடுப்படியை ஆண்டவர். தரையில் உட்கார முடியாமல் போனதிலிருந்து அவருக்கு அங்கே இடம் இல்லை. நிற்கவும் இடம் இல்லை. கூடத்தில் டெலிவிஷனுக்கு எதிரே உட்காரவைத்திருந்தார்கள். பார்க்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியாது. பிரிட்ஜ் நின்ற மூலையில் அக்கா ஒரு சிறு மேஜையையும், முதுகுக்குச் சாய்மானம் உள்ள ஓர் உயர முக்காலியையும் போட்டாள். "அத்தை, இந்தக் கீரையைக் கொஞ்சம் ஆய்ஞ்சு கொடுங்க" என்றாள். கிழவி எழுந்து வந்து உட்கார்ந்தார். கீரையை ஆய்ந்தார். பத்து நிமிஷம் கழித்துத் தாளிப்பில் கடுகு போதாது என்றார். மறுநாள் புளி அதிகம் என்றார். அதற்கு மறுநாள், இந்த வீட்டில் யாருக்கும் பருப்பு வேகவைக்கத் தெரியாது என்று அறிவித்தார். "இடம் கொடுத்தா இதுவும் சேர்ந்துதான் வரும்" என்று அக்கா என் காதோடு சொன்னாள். ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை.

காலி இடத்துக்கு ஒரு சுபாவம் உண்டு. அது நம் பொறுமையைச் சோதிக்கும். நாலடி கல் வெறுமனே கிடந்தால், வருகிற ஒவ்வொருவர் கையும் அரிக்கும். சாவிக் கொத்து வரும், மருந்துச் சீட்டு வரும், பேரனுடைய பொம்மைக் கார் வரும், "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று ஒரு டப்பா வரும். அந்த இப்போதைக்கு என்பது பத்து வருஷம் இருக்கும். ஆகவே சாமானை நகர்த்துவது பாதி வேலைதான். நகர்த்தின இடத்தில் வேறொன்று வந்து குடியேறாமல் காப்பது மீதி வேலை. அது ஒரு நாள் வேலையல்ல. ஒருத்தி மட்டும் செய்து தீருகிற வேலையும் அல்ல.

புதிதாக ஒரு சாமான் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கடைக்காரரிடம் விலையைக் கேளுங்கள், வாட்ஸைக் கேளுங்கள், எத்தனை வருஷ உத்தரவாதம் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து, வீட்டில் சமைக்கிறவரிடம், இதன் நிலை எது என்று கேளுங்கள். நிலை இல்லாத தேரை எந்த ஊரிலும் செய்வதில்லை.

போன மாதம் மறுபடியும் ராஜபாளையம் போயிருந்தேன். அத்தானுக்கு அந்த வாரம் இரவு ஷிப்டு. காலையில் வந்து, குளித்துவிட்டு, நேரே சமையலறைக்குள் போனார். முன்பெல்லாம் அந்த நிலைப்படியோடு நின்றுவிடுவார். "உள்ளே வந்தா உனக்குத்தான் இடைஞ்சல்" என்பது அவர் வழக்கமாகச் சொல்கிற காரணம். முப்பது வருஷமாகச் செல்லுபடியான காரணம். இப்போது அது செல்லுபடியாகவில்லை. மூன்றடிக் கல்லில் பலகையைப் போட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். துண்டுகள் எல்லாம் ஆலையில் எடைபோட்ட நூல்கண்டுகளைப் போல ஒரே அளவாக இருந்தன. முக்காலியிலிருந்து அவருடைய தாயார், "பொடிசா நறுக்குடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.